கொலும்பாவின் இருமல்

கொலும்பாவிடம் ஒரு சேதியைச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொள்கிறவர்கள் கொரியக் கடலோர ஊரான சொக்சோவில் இரண்டு வகை. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு வகை. பொழுது சாய்வதற்குள் சேதி துறைமுகம்வரை போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மற்றொரு வகை. சந்தையின் நடுச்சந்தியில் அவளுடைய கருவாட்டுக் கடை இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் கருவாடு வாங்க வருவார்கள். மீதிப்பேர் கருவாட்டை முகர்ந்து பார்ப்பதுபோல் நின்று ஊர்க்கதை வாங்கிக்கொண்டு போவார்கள். அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டதை உள்ளேயே வைத்துக்கொண்டால் அவளுக்கு வயிறு உப்பிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமையலில் அவள் கைக்கு நிகரான கை, குன்றின்மேல் இருக்கும் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் வேறு யாருக்கும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாலைப் பூசை முடிந்ததும், கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் எல்லோருக்கும் சுடச்சுட நூடுல்ஸ் சூப் உண்டு. அந்தப் பெரிய அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நிற்பது கொலும்பாவின் உரிமை. பங்குச் சாமிமார் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். கரண்டி மட்டும் கைமாறவில்லை.

இந்த வருடம் கைமாறிவிட்டது. காரணம் கிம்ச்சி.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரத் திருவருகைக்காலத்தில், முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் வாரம் பங்குப் பெண்கள் ஒன்றுகூடிக் குளிர்காலத்துக்கான கிம்ச்சி என்னும் முட்டைக்கோசு ஊறுகாய் போடுவார்கள். தனியாக வாழும் வயசாளிகளுக்கு ஒரு பகுதி, கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு பகுதி. முட்டைக்கோசுகளைப் பிளந்து ராத்திரி முழுக்க உப்புநீரில் ஊறப்போட்டது கொலும்பா. காலையில் அவற்றை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி வடியவிட வேண்டியது பிபியானா. பிபியானா அதே சந்தையில் முடி சுருட்டிவிடும் அழகு நிலையம் வைத்திருப்பவள். கொலும்பாவைவிடச் சின்னவள், பாடகர் குழுவில் முதல் வரிசைக் குரல். அதன்பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மிளகாய் விழுதைத் தடவி டப்பாக்களில் அடைத்தார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வாயில் வைக்க முடியவில்லை. அப்படி ஓர் உப்பு. பங்குத்தந்தை தாதேயு சாமி மரியாதைக்காக ஒரு துண்டைத் தின்றார். பிறகு கூட்டம் முடியும்வரை தண்ணீர்க் கூஜாவை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நான் மூணு தடவை அலசினேன்" என்றாள் பிபியானா. ஆகவே பழி உப்புப் போட்ட கையின்மேல் விழுந்தது.

கொலும்பா சும்மா விடவில்லை. உப்புக் கடைக்காரன் கலப்படம் செய்துவிட்டான் என்று ஒரு வாரம் சந்தையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அந்த ஆள் இன்றைக்கும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஊர் நம்பவில்லை, சிரித்தது. "வயசானா நாக்கு மரத்துப்போயிடும், பாவம்" என்று யாரோ சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. யார் சொன்னது என்பது மட்டும் வரவில்லை. ஊரில் உள்ள எல்லாச் சேதியும் தேடி வரும் காதுக்கு, தன்னைப் பற்றிய ஒரு சேதி அகப்படாமல் போனது அவளுக்கு இரட்டை அவமானம். பெண்கள் சங்கக் கூட்டத்தில், "இந்த வருஷம் அக்கா கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே" என்று தேன் தடவிப் பேசி, கரண்டியைப் பிபியானாவிடம் கொடுத்தார்கள். கொலும்பா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் கஸ்பார் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாவதான இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றிய வாரத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன நாள் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லோரும் செய்தே தீர வேண்டும். தப்பித்துக்கொள்ளப் பார்த்தால் அந்தத் தெருவின் ஜெபக்குழுவான அன்பியத்தின் தலைவி வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவாள். அன்றைக்கு அக்கம்பக்கத்து ஊர்ச் சாமிமாரும் வந்து உட்காருவார்கள். வராவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சொந்தப் பங்குச் சாமிக்குக் குரல் தெரிந்துவிடுமே, நாளைக்கு அவருக்கு எதிரே உட்கார்ந்து எந்த முகத்தோடு நூடுல்ஸ் தின்பது? வெளியூர்ச் சாமிமார் உள்ளே உட்கார்ந்து பாவம் கேட்கும் மரப்பெட்டிகளுக்கு முன்னால் வரிசை வாசலைத் தாண்டும். தாதேயு சாமியின் பெட்டிக்கு முன்னால் ஈ காக்கை இருக்காது. அவர் உள்ளே உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

வந்தவர்களில் எல்லோருக்கும் பிடித்தவர் பக்கத்து ஊர் யாங்யாங்கிலிருந்து வரும் கிழச்சாமி. அவருக்குக் காது மந்தம், கோபம் வராது, பிராயச்சித்தமும் குறைவாகத்தான் கொடுப்பார். அவருடைய பெட்டியைச் சுத்தம் செய்யும் முறை அன்று கொலும்பாவுக்கு வந்திருந்தது. கரண்டியைப் பிடுங்கியவர்கள் துடைப்பத்தைப் பிடுங்கவில்லை.

பெருக்கித் துடைத்து முடித்தாள். கிழச்சாமிக்கு இடுப்புவலி என்பதால் இருக்கையின்மேல் மின்சார மெத்தை ஒன்றை விரித்துப் பிளக்கைச் செருகினாள். சூடாகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். காலையிலிருந்து கருவாடும் பனியும் தொட்ட கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சரி என்று உட்கார்ந்து பார்த்தாள். மெல்ல மெல்லச் சூடு ஏறியது. சந்தையில் நின்று நின்று விறைத்துப்போன இடுப்புக்கு அது சொர்க்கமாக இருந்தது. கொஞ்ச நேரம், யாரும் வருவதற்குள் எழுந்துவிடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். போன வருடம் பெட்டிகளைப் புதுப்பித்தபோது, சாமி இருக்கையில் உட்கார்ந்ததும் வெளியே பச்சை விளக்கு தானாக எரியும்படி செய்திருந்தார்கள்.

மறுபக்கத்துக் கதவு திறந்தது. முழந்தாளிடும் பலகை முனகியது.

"சாமி, பாவியான என்னை ஆசீர்வதியுங்க" என்றது ஒரு பெண் குரல். "கூட்டம் சேர்றதுக்கு முந்தியே வந்துட்டேன். நீங்களும் சீக்கிரமா வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு."

பாடகர் குழுவின் முதல் வரிசைக் குரல். கொலும்பா வாயைத் திறந்தாள். "சாமி இல்ல, நான்தான்" என்று சொல்லத்தான் திறந்தாள், அந்த மட்டில் அவளை நம்பலாம். ஆனால் அதற்குள் கம்பிவலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இது கிம்ச்சி விஷயமான பாவம், சாமி" என்று வந்தது. திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

"மூணு தடவை அலசணும். நான் ஒரு தடவைதான் அலசினேன். தண்ணி அவ்வளவு ஜில்லுன்னு இருந்துச்சு, விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. கடையில வேற ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா முடி சுருட்டிக்கக் காத்துக்கிட்டிருந்தாங்க. யாருக்குத் தெரியப்போவுதுன்னு அள்ளி வடியப் போட்டுட்டேன். கேட்டப்ப மூணு தடவைன்னு சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அதோட விட்டிருக்கலாம். எல்லாரும் கொலும்பா அக்காவைச் சொன்னப்ப நானும் கூடச் சேர்ந்துக்கிட்டேன். வயசானா நாக்கு மரத்துப்போயிடும், பாவம்னு சொன்னதே நான்தான்."

கொலும்பா இரண்டு கைகளாலும் மெத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் இருந்த சூடு இப்போது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"அவங்ககிட்டயே சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை கடை வரைக்கும் போனேன், சாமி. சொன்னா மன்னிச்சுடுவாங்க. நல்ல மனுஷி. ஆனா அந்த வாய் இருக்கே. நான் திரும்பி என் கடைக்கு வந்து சேர்றதுக்கு முந்தி சேதி துறைமுகத்துல இருக்கும். அப்புறம் என்கிட்ட எவ தலையை நீட்டுவா? அந்த வாய்க்குப் பயந்துக்கிட்டு ஒவ்வொரு தடவையும் கருவாடு வாங்கிட்டுத் திரும்பிட்டேன். வீட்டுல வைக்க இடமில்லாம கருவாடு கெடக்கு."

உண்மைதான். இந்த மாதம் பிபியானா அவளிடம் வாங்கிய கருவாட்டில் ஒரு படகுக்காரன் குடும்பமே குளிர்காலத்தைக் கழிக்கலாம். முடியைச் சுருட்டுகிறவளுக்கு இவ்வளவு கருவாடு எதற்கு என்று கொலும்பாவே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"கரண்டியை என் கையில குடுத்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதை நெனச்சாத்தான் எனக்கே பயமா இருக்கு. இதோட, எனக்கு நினைவுக்கு வராத பாவங்களுக்காகவும் மன்னிப்புக் கேக்கிறேன், சாமி."

அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. சாமி ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. கொலும்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும். பேசாவிட்டால் பிபியானா விடியும்வரை முழந்தாளிலேயே இருப்பாள். கழுத்துத் துணியை வாயில் சுற்றிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து, கிழவர்கள் இருமுவதுபோலக் கர்ரென்று ஓர் இருமல் இருமினாள்.

"அடடா, உடம்பு சரியில்லையா சாமி?"

இன்னொரு இருமல்.

"நீங்க பேச வேண்டாம். பிராயச்சித்தம் என்னன்னு நானே யோசிச்சுக்கிறேன். தொண்டையைப் பாத்துக்குங்க, சாமி." பலகை மறுபடி முனகியது, கதவு சாத்திக்கொண்டது.

கொலும்பா துடைப்பத்தை அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது முற்றத்தில் வெளியூர்ச் சாமிமாரின் கார்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அகப்பட்டுவிட்டாள் திருடி. கரண்டி திரும்பி வந்த மாதிரிதான். வாசலில் வரிசையின் முதல் ஆளாக நின்றவள் ஜெனொவேபா, சந்தையில் அடுத்த கடையில் கணவாய் விற்பவள். சேதி விஷயத்தில் கொலும்பாவின் மொத்தக் கொள்முதல்காரி.

"என்னக்கா, முகம் ஜொலிக்குது? என்ன சேதி?"

கொலும்பா வாயைத் திறந்தாள். ஜெனொவேபாவின் தோளுக்குப் பின்னால் அந்தப் பெட்டி நின்றது. இப்போது கிழச்சாமி உள்ளே போய் உட்கார, பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. பெட்டிக்குள் சொன்னதை வெளியே சொல்கிற சாமியாருக்கு என்ன கதி என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. சாமியாரே அல்லாத ஒருத்திக்கு என்ன கதி என்று யாரும் சொல்லித் தரவில்லை. திறந்த வாயை அன்றைக்கு இரண்டாம் முறையாக மூடிக்கொண்டு, நேராகத் தாதேயு சாமியின் பெட்டியை நோக்கி நடந்தாள். வரிசை மொத்தமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

உள்ளே ஜெபப் புத்தகத்தை அவசரமாக மூடும் சத்தம் கேட்டது. "வாங்க, வாங்க" என்றார் சாமி, விருந்தாளியை அழைப்பவர்போல.

"சாமி, நான் யாருன்னு நீங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

"எனக்கு எப்படித் தெரியும், கொலும்பா அம்மா."

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். மெத்தையில் தொடங்கி இருமலில் முடித்தாள். நடுவில் ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தபோது சாமி, "பேர் வேண்டாம், என்ன பாவங்கிறதும் வேண்டாம்" என்று தடுத்துவிட்டார். இருமல் கட்டத்தில் அந்தப் பக்கம் ஒரு மாதிரியான மூச்சுச் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாரா, திகைத்துப்போனாரா என்று கொலும்பாவுக்குத் தெரியவில்லை.

பிறகு அவர் பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை. "கேட்டது உங்க காதா இருக்கலாம், அம்மா. ஆனா அது உங்களுக்குச் சொன்னதில்ல. இந்த விஷயத்துல எனக்கு என்ன சட்டமோ அதேதான் உங்களுக்கும். வாயால மட்டுமில்ல. கண் ஜாடை கூடாது, பெருமூச்சு கூடாது. 'எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்'னு சொல்றதும் கூடாது."

"அதுகூடவா, சாமி?"

"முக்கியமா அது."

"எத்தனை நாளைக்கு?"

"சாகற வரைக்கும்."

"கஸ்பார்கிட்ட மட்டும்?"

"கஸ்பார்கிட்டயும்தான்."

"ஒரு விஷயத்துல என் பேரு கெட்டுப்போய்க் கெடக்கு, சாமி. ஒரு வார்த்தை சொன்னா அது திரும்பி வந்துடும். அந்த வார்த்தை இப்ப என் வாயிலயே இருக்கு. நான் எப்படி முழுங்குவேன்?"

"கஷ்டம்தான்" என்றார் சாமி. அவருக்கு வயது குறைவு, பொய்யாக ஆறுதல் சொல்ல இன்னும் பழகவில்லை. "கஷ்டம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அந்த ஆளுக்கு மன்னிப்பும் கெடைக்கலியே. நான்தானே கெடுத்தேன்."

"மனசார வந்து சொல்லியிருக்காங்க. ஆண்டவர் என்ன, பச்சை விளக்கைப் பாத்தா மன்னிக்கிறாரு? அதை அவர்கிட்ட விடுங்க. உங்களுக்குப் பிராயச்சித்தம் இதுதான். அந்த ஆளுக்கு ஒரு நல்லது செய்யுங்க. யார் செஞ்சதுன்னு நீங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது."

நல்லது செய்வதுகூடச் சரிதான், செய்துவிட்டுச் சொல்லாமலும் இருக்க வேண்டுமா என்று கொலும்பாவுக்கு மலைத்துவிட்டது. எழுந்தபோது சாமி கொஞ்சம் கெஞ்சலாகவே சொன்னார்: "அடிக்கடி வாங்க, அம்மா. இங்க வரிசையே கிடையாது."

அன்றிலிருந்து கொலும்பா வாயை மூடினாள். கிம்ச்சி விஷயத்தில் மட்டும் மூடிக்கொண்டு மற்றதைப் பேசலாம் என்று முதல் நாள் முயன்று பார்த்தாள். முடியவில்லை. யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று ஆரம்பித்தால், பேச்சு இரண்டே திருப்பத்தில் முட்டைக்கோசில் வந்து நின்றது. ஆகவே கடையை மூடுவதுபோல மொத்தமாக இழுத்து மூடிவிட்டாள். கருவாட்டின் விலையைக் கேட்டால் சொல்வாள், அவ்வளவுதான்.

சந்தை கலங்கிப்போனது. சேதி வராததால் ஜெனொவேபா ஒரு சாவு வீட்டுக்கே போகாமல் விட்டுவிட்டாள். "வாயில என்னக்கா, பூட்டா?" என்று தினமும் சீண்டிப் பார்த்தாள். "சரி, இந்தக் கருவாட்டுல உப்பு யார் போட்டது, கடலா நீங்களா? நீங்கன்னா எனக்கு வேண்டாம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொலும்பாவும் பல்லைக் காட்டினாள். அழகு நிலையத்து வாசலில் பிபியானா நின்று இதைக் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். ஒரு சொல் போதும், இத்தனை சிரிப்பும் திசை திரும்பும். கொலும்பா அந்தச் சொல்லை எச்சிலோடு விழுங்கினாள். இறங்க மாட்டேன் என்று அது தொண்டையிலேயே நின்றது.

வீட்டில் கஸ்பார் முதலில் சந்தோஷப்பட்டார். கல்யாணமான நாளிலிருந்து வேண்டிக்கொண்ட அமைதி கிறிஸ்துமஸ் வரமாக வந்துவிட்டது என்று நினைத்தார். பிறகு அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா, எதாவது பேசேன்."

"என்ன பேச?"

"யாரையாவது திட்டு. என்னையாவது திட்டு."

அவள் பெருமூச்சு விடப்போனாள். அதுவும் கூடாது என்பது நினைவு வந்து பாதியில் நிறுத்தினாள். மனைவிக்கு மூச்சும் சரியில்லை என்று முடிவு செய்த கஸ்பார், மறுநாள் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். நல்ல உழைப்பாளி நாக்கு, கொஞ்சம் ஓய்வில் இருக்கிறது என்றார்.

பிராயச்சித்தத்தை அவள் ஒரு மத்தியானம் நிறைவேற்றினாள். உப்புக் கிம்ச்சிக்கு வைத்தியம் உண்டு. முள்ளங்கியைத் தோலோடு கட்டைவிரல் கனத்துக்கு நறுக்கி அடுக்குகளுக்கு நடுவே செருகி வைத்தால், அது உப்பைக் குடித்துக்கொள்ளும். இது அவளுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் செய்தால் தப்புத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வீம்பாகத் தொடாமல் இருந்தாள். கோயில் சமையலறையின் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. ஒரு கூடை முள்ளங்கியோடு யாரும் இல்லாத நேரம் உள்ளே போய், குளிர்பெட்டியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கித் துண்டுகளைச் செருகினாள். இப்போது இதனால் பேர் வாங்கப்போவது பிபியானாதான் என்று நினைத்தபோது கத்தி கொஞ்சம் பலமாகவே இறங்கியது. ஆனாலும் முள்ளங்கியிடம்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாலை பனி கொட்டியது. நான்கு மெழுகுவர்த்திகளும் எரிந்தன, கடைசியாக ஏற்றிய வெள்ளைதான் உயரமாக இருந்தது. பூசையில் குழந்தை இயேசுவைக் குடிலில் வைத்த பிறகு, வழக்கம்போல் ஒவ்வொருவராக வரிசையில் போய்க் குனிந்து வணங்கிக் காணிக்கை உறையை வைத்தார்கள். கொலும்பாவும் வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

என் பேரை நீயே வச்சுக்கோ என்று குழந்தையிடம் மனசுக்குள் சொன்னாள். கரண்டியும் போகட்டும். ஆனா ஒண்ணு கேக்கிறேன். என் வாழ்நாள்ல நான் வாயை மூடிக்கிட்டிருந்தது இந்த ஒரே தடவைதான். அது உனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொருத்தருக்கும் தெரியாமலே நான் செத்துப்போவணுமா?

பின்னால் நின்ற ஜெனொவேபா விரலால் குத்தினாள். "நகருக்கா, சூப் ஆறிடும்."

கீழ்த்தளச் சமையலறையில் கொலும்பாவுக்குக் கிடைத்த வேலை, மூலையில் உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்குவது. அண்டாவுக்கு முன்னால் பிபியானா நின்றாள், கையில் கரண்டி. கிம்ச்சி டப்பாவைத் திறந்தபோது எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். ஜெனொவேபா துணிந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணை இறுக மூடினாள், மென்றாள், கண்ணைத் திறந்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள், நம்ப முடியாமல். "ஏ, நிஜமா நல்லா இருக்கு."

ஆளுக்கொரு துண்டு போயிற்று. தாதேயு சாமி ஒரு கையில் தண்ணீர்க் குவளையோடு வந்து ஒன்றை எடுத்தார், குவளையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். எல்லோரும் பிபியானாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன் கைராசியே ராசி. கொலும்பா அக்கா கெடுத்ததை நீ காப்பாத்திட்டே" என்றார்கள். மூலையில் வெங்காயத்தாள் மிகவும் பொடியாக நறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

பிபியானா டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்தாள். கட்டைவிரல் கனம், தோல் சீவாதது, அப்படி நறுக்குகிற கை பங்கில் ஒன்றுதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்தாள்.

"இதை நான் போடல" என்றாள். "காப்பாத்தினது நான் இல்ல. கெடுத்ததுதான் நான்."

அண்டா மட்டும் கொதித்தது.

"அக்கா உப்பைச் சரியாத்தான் போட்டாங்க. நான் ஒரே தடவைதான் அலசினேன். மூணு தடவைன்னு பொய் சொன்னேன். அவங்களுக்கு நாக்கு மரத்துப்போச்சுன்னு சொன்னதும் நான்தான். இந்தக் கரண்டி என்னோடது இல்ல."

எல்லாத் தலைகளும் மூலைக்குத் திரும்பின. புயலுக்குக் காத்திருப்பவர்கள்போலச் சிலர் பாத்திரங்களை நகர்த்தி வைத்தார்கள். கொலும்பா எழுந்து நின்றாள். இதை முதல் முறையாகக் கேட்பவளின் முகத்தை இப்போது அவள் காட்டியாக வேண்டும். அப்படி ஒரு முகம் அவளிடம் இருந்ததே இல்லை, எந்தச் சேதியும் மற்றவர் வாய் திறப்பதற்கு முந்தியே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அப்படியா" என்றாள்.

"அப்படியாவா?" ஜெனொவேபா வாயைப் பிளந்தாள். "அவ்வளவுதானாக்கா?"

"ரொம்ப ஆச்சரியமா இருக்கு" என்றாள் கொலும்பா, ஞானோபதேசம் ஒப்பிக்கும் குரலில். தாதேயு சாமி அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

பிபியானா அருகில் வந்து அவள் கையைப் பிடித்தாள். "பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் அக்கா. ஆனா மனசு ஆறல. அந்தச் சாமி ஒரு வார்த்தை பேசல, திட்டல, பிராயச்சித்தமும் குடுக்கல. இருமினார், அவ்வளவுதான். அந்த இருமல் ராப்பகலா காதுலயே நிக்குது. இன்னிக்கு இந்த முள்ளங்கியைப் பாத்ததும் தாங்கல."

அந்த நேரம் பார்த்து, அடுப்பின் அந்தக் கடைசியில் யாரோ காய்ந்த எண்ணெயில் மிளகாய்த் தூளைக் கொட்டினார்கள். நெடி குப்பென்று கிளம்பியது. சுற்றிலும் எல்லோரும் தும்மினார்கள், செருமினார்கள். கொலும்பாவின் தொண்டையில் ஒரு நமைச்சல் ஏறியது. சாதாரண இருமல் இல்லை, அடித்தொண்டையிலிருந்து கிளம்பும் இருமல். அதை இந்த முகத்துக்கு எதிரே இருமினால் எல்லாம் போச்சு. அவள் பல்லைக் கடித்தாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வழிந்தது.

"அழாதீங்க அக்கா" என்று பிபியானா தானும் அழுதுகொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சேன், மன்னிச்சேன்" என்றாள் கொலும்பா கீச்சுக் குரலில், தன்னைப் பிடுங்கிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினாள்.

பின்முற்றத்தில் ஆள் இல்லை. அங்கே வெளியில் அமைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல் கூரைமேல் பனி ஏறியிருந்தது. அவள் குடிலின் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கர்ரென்று, குடலே வெளியே வரும்படி, யாங்யாங் கிழச்சாமியும் தோற்கும்படி இருமித் தீர்த்தாள். இத்தனை நாள் விழுங்கி வைத்ததெல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வந்ததுபோல் நெஞ்சு லேசானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சமையலறைப் பின்கதவு கையகலம் திறந்திருந்தது. அவள் பார்க்கும்போதே மெதுவாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே மறுபடி கூச்சல் நிறைந்திருந்தது. கூடத்தில் ஆட்கள் கிண்ணங்களோடு வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள், முதல் ஆளாகக் கஸ்பார் நின்றார். பிபியானா அண்டாவின் அருகில் நின்றாள். பக்கத்து மேடையில், தேனில் ஊறிய எலுமிச்சைத் துண்டுகள் மிதக்க, ஒரு குவளை வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"குடிங்க அக்கா" என்றாள். "தொண்டைக்கு நல்லது."

கொலும்பா அவள் முகத்தைப் பார்த்தாள். பிபியானா கரண்டியை எடுத்துப் பிடியை முன்னால் நீட்டினாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இத்தனை நாளாவா, அக்கா?" என்றாள். "ஒருத்தர்கிட்டயும் சொல்லாமலா?"

கரண்டி கிடைத்ததைவிட, பேர் திரும்பியதைவிட, அந்தக் கேள்வி கொலும்பாவுக்கு இனித்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

அவள் வெந்நீரை ஒரே மூச்சில் குடித்தாள். கரண்டியை வாங்கி அண்டாவை ஒரு கலக்குக் கலக்கினாள்.

"என்ன நின்னுக்கிட்டு? கிண்ணத்தை நீட்டு" என்றாள். "சூப் ஆறுது."